நூற்று எண்பத்தாறு அட்டைகளும் ஒரு கறுப்பு ஓரமும்

2025 ஜூன் 21, சனிக்கிழமை, பிற்பகல் 3 மணி 40 நிமிடம். என் மடிக்கணினியில், டெர்மினல் எனப்படும் கறுப்புத் திரையில், இணைப்பு கிடைத்துவிட்டது என்ற பொருளில் ஒரே ஒரு வரி பச்சை எழுத்தில் தோன்றியது. அந்தத் திரையை உடனே கைபேசியில் படம் பிடித்து வைத்தேன். அதனால்தான் நிமிடம் வரை சொல்ல முடிகிறது. அடுத்த அறையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். என்னவென்று சொல்வது எனத் தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

இணைந்தவை இரண்டு. ஒன்று, நிரல் எழுதுவோருக்கு உதவுவதற்காக உருவாக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு உதவியாளர். நாம் சாதாரண மொழியில் சொல்வதைப் புரிந்துகொண்டு, அதற்கு வேண்டிய நிரலைத் தானே எழுதி, தானே இயக்கும். மற்றொன்று, வெளியூர் நிறுவனமொன்றின் அஞ்சல் மென்பொருள். கடைக்காரர்களும் பள்ளிகளும் வாடிக்கையாளர்களுக்கு விளம்பரக் கடிதம் அனுப்பப் பயன்படுத்துவது. முகவரிகளையும் அட்டையின் வடிவத்தையும் அதில் கொடுத்துவிட்டால், அவர்களே தங்கள் அச்சகத்தில் அச்சிட்டு, தபாலில் சேர்த்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி போட வேண்டும் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. நான் தமிழ் இலக்கியம் படிப்பவள். முதுகலை இரண்டாம் ஆண்டு. அந்தச் சனிக்கிழமைக்கு முன் நிரல் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை.

எல்லாம் அக்காவுக்காக. அவள் இயன்முறை மருத்துவம் படித்தவள். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தாள். முதியவர்கள் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே தன்னிடம் வருகிறார்கள், விழாமல் நடப்பதற்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களில் பாதிப்பேர் வரவே வேண்டியிருக்காது என்று வீட்டில் அடிக்கடி சொல்வாள். கடைசியில் மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். திருக்கழுக்குன்றம், புதுப்பட்டினம், மாமல்லபுரம் என்று ஊர் ஊராக இலவச முகாம் நடத்தினாள். புதுப்பட்டினத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, முன்புறம் விசாலமான முற்றம் உள்ள ஓர் இடத்தையும் பிடித்தாள். பயிற்சியின் முதல் நாள் ஜூலை 2, புதன்கிழமை. விடுப்பு முடிவதும் அன்றுதான். முதல் நாள் பன்னிரண்டு பேராவது வந்தால் வேலையை விடுவது, வராவிட்டால் மறுநாளே மருத்துவமனைக்குத் திரும்புவது என்று தனக்குத் தானே ஒரு விதி வகுத்திருந்தாள். அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை.

முகாம்களுக்கு வந்தவர்களில் நூற்று எண்பத்தாறு பேர், பயிற்சி தொடங்கும்போது சொல்லுங்கள் என்று தாங்களே கேட்டு முகவரி தந்திருந்தார்கள். கைபேசி எண் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. கொடுத்த எண்களும் பெரும்பாலும் மகனுடையவை, மருமகளுடையவை. மாமல்லபுரத்து முகாமில் ஒரு பெரியவர், “போன்ல போட்டா என் பையன் பாப்பான். என் பேருக்குக் கடுதாசி போடு, நான் பாக்கறேன்” என்று சொன்னாராம். அக்கா அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அந்த முகவரிக் குறிப்பேட்டை என் மேசைமேல் வைத்தாள்.

“உன் கையெழுத்து நல்லாருக்கும்ல.”

“நூத்தி எண்பத்தாறா?”

“ராத்திரி பகலா எழுதுன்னு சொல்லல. ஏதாவது வழி இருக்கான்னு பாரு.”

வழியைச் சொன்னவள் என் பள்ளித் தோழி. சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அஞ்சல் மென்பொருளின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு முகவரியாகத் தட்டச்சு செய்தால் எப்போது முடிப்பது, அவர்கள் வெளியிலிருந்து இணைப்பதற்கு வழி வைத்திருக்கிறார்கள், உதவியாளரை அதில் இணைத்துவிட்டால் உன் வேலை பேசுவது மட்டும்தான் என்றாள். எதை நிறுவுவது, எந்தக் கோப்பில் எந்த வரியைச் சேர்ப்பது என்பதையெல்லாம் அலுவலக வேனிலிருந்தபடியே தொலைபேசியில் சொன்னாள்.

“இன்னாடி, தமிழ் படிக்கிற பொண்ணு டெர்மினல்ல குந்திகினு கீது. உலகம் அழியப்போவுது.”

“அந்த வரியின் முடிவில் காற்புள்ளி உண்டா, இல்லையா?”

“பாரு, காற்புள்ளின்னு கேக்குது. கமா இல்லடி அங்க. கடைசி வரி.”

இணைப்புக்கு ஒரு சாவி வேண்டும். சாவி என்பது அந்த நிறுவனம் நமக்கு மட்டும் தரும் நீண்ட எழுத்துத் தொடர். அவர்கள் இரண்டு தந்திருந்தார்கள். சோதனைச் சாவியை இட்டால் எதுவும் அச்சாகாது, அட்டை எப்படி இருக்கும் என்ற படம் மட்டும் வரும். மெய்ச் சாவியை இட்டால் உண்மையிலேயே அச்சாகித் தபாலில் போய்விடும். நான் சோதனைச் சாவியை இட்டேன். மூன்று முறை இணைப்பு மறுக்கப்பட்டது. நான்காம் முறை, சாவியைப் படியெடுத்தபோது அதன் முடிவில் ஓர் இடைவெளியும் சேர்ந்துவிட்டதைக் கண்டேன். ஒற்றுப்பிழை பார்த்துப் பழகிய கண் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கத் தவறியிருந்தது. இடைவெளியை நீக்கினேன். மணி 3.40.

“உன்னால் இப்போது என்னென்ன செய்ய முடியும்?” என்று தமிழிலேயே கேட்டேன். முகவரி சரிபார்த்தல், அட்டை உருவாக்குதல், மாதிரி காட்டுதல், அச்சுக்கு அனுப்பும் நேரம் குறித்தல், ரத்து செய்தல் என்று அது வரிசையாகச் சொன்னது. அந்தத் தொழிற்பெயர்களை நான் இரண்டு முறை வாசித்தேன். நான் எழுதும் வாக்கியங்களை இதுவரை பேராசிரியர்கள் திருத்தியிருக்கிறார்கள், தோழிகள் சிரித்திருக்கிறார்கள். எழுதிய வாக்கியம் எங்கோ ஓர் அச்சு எந்திரத்தை ஓடவைக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு முழுவதும் முகவரிகளோடு கழிந்தது. குறிப்பேட்டின் பக்கங்களைப் படம் எடுத்துக் கொடுத்தேன். உதவியாளர் அவற்றைப் பட்டியலாக்கியது. மென்பொருள் கேட்பதோ கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு. அக்காவின் குறிப்பேட்டில் இருந்ததோ ‘பெரிய தெரு, தண்ணீர்த் தொட்டி எதிரில்’, ‘ரேஷன் கடைக்குப் பின்னால் மாடி வீடு’. உதவியாளர் என்னிடம் கேட்டது: “ ‘தண்ணீர்த் தொட்டி எதிரில்’ என்பதற்குத் தனி இடம் இல்லை. நீக்கட்டுமா, முகவரியின் இரண்டாவது வரியில் வைக்கட்டுமா?” வை, தபால்காரருக்கு அதுதான் உதவும் என்று எழுதினேன். ஒன்பது முகவரிகளில் குறியீடு இல்லை. அவற்றைத் தானாக ஊகித்து நிரப்பாமல், தனியே பிரித்து என் முன் வைத்தது. அக்கா ஒன்பது வீடுகளுக்கும் யார் யாரையோ பிடித்துக் கேட்டுச் சொன்னாள். சந்தேகத்தைச் சந்தேகமாகவே எடுத்துக் காட்டும் அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாலைக்குள் நாங்கள் இருவரும் ஒரு பதிப்பாசிரியர் குழுபோல ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையின் வடிவத்தை நான் சொன்னேன். “கண் மங்கினவங்களுக்கும் தெரியணும்” என்பது மட்டுமே அக்காவின் கட்டளை. வெள்ளை அட்டையில் பெரிய கறுப்பு எழுத்து, படம் கிடையாது, நான்கு ஓரங்களையும் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு. மங்கிய கண்ணுக்கும் கோடு எல்லை காட்டும், வந்து குவியும் வண்ண விளம்பரங்களுக்கு நடுவே தனித்துத் தெரியும் என்பது என் கணக்கு. உண்மையைச் சொன்னால், நல்ல பழைய புத்தகத்தின் தலைப்புப் பக்கம்போல அது அமைய வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. வாசகத்தையும் நானே எழுதினேன்:

‘அன்புடையீர், வருகிற ஜூலை 2, புதன்கிழமை காலை 6.30 மணியளவில், புதுப்பட்டினத்தில், விழாமல் நடக்கும் பயிற்சி தொடங்கி நடைபெறவுள்ளது. தாங்கள் தவறாது வருகை தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

கீழே அக்காவின் எண்ணும், வருவோர் முன்கூட்டியே அழைத்துச் சொன்னால் நல்லது என்ற குறிப்பும். வாசகத்தை மட்டும் அக்காவுக்குக் கைபேசியில் அனுப்பினேன். திருக்கழுக்குன்றம் சாலையில் எங்கேயோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பதில் போட்டாள்: “நல்லாருக்கு. போடு.”

அச்சகம் திங்கள் மாலை நான்கு மணிக்கும் வியாழன் மாலை நான்கு மணிக்கும் வேலைகளை எடுத்துக்கொள்ளும். திங்களன்று மெய்ச் சாவியை இட்டு, ஒரே ஓர் அட்டையை என் பெயருக்கு, செங்கல்பட்டிலுள்ள எங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பினேன். நூற்று எண்பத்தாறையும் வியாழன் நான்கு மணிக்குக் குறித்து வைத்தேன். வியாழனன்று அச்சானால் அடுத்த திங்கள், செவ்வாயில் கைக்குக் கிடைக்கும். அதற்கடுத்த அச்சு நேரத்துக்குத் தள்ளினால் புதன்கிழமை கடந்துவிடும். முன்னால் போன ஒற்றை அட்டை வியாழனுக்குள் என் கைக்கு வந்துவிட்டால், தாளின் தடிமன், எழுத்தின் அளவு எல்லாவற்றையும் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று திட்டமிட்டிருந்தேன். அந்த மூன்று நாளும் நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன் என்பதற்கு வருகைப் பதிவேடு மட்டுமே சாட்சி.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே காத்திருந்தேன். முற்பகல் 11.50க்கு வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர் நடுத்தர வயதுப் பெண்மணி, தபால்காரம்மா என்போம். வழக்கமாக வாசற்பெட்டியில் போட்டுவிட்டு ஒலிப்பானை அழுத்திவிட்டுப் போய்விடுவார். அன்று இறங்கி, கம்பிக் கதவுக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டார். நான் ஓடினேன்.

“வூட்ல அம்மா கீறாங்களா?”

“இருக்காங்க. அட்டை எனக்குத்தானே வந்திருக்கு?”

“இருக்கட்டும். அம்மாவ வரச் சொல்லு.”

அட்டையை எழுத்து தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்திருந்தார். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மா எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறார். வியாழன் அவருக்கு வார விடுமுறை.

“யாரும்மா தவறிட்டாங்க?” என்று தபால்காரம்மா தணிந்த குரலில் கேட்டார். “கருப்பு கட்டின அட்டை வந்துகீது. பொண்ணு பேர்ல போட்டுகிறாங்க.”

அம்மாவின் முகம் மாறியது. அட்டையை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடி உள்ளே இருந்தது. “அன்புடையீர்னு தெரியுது. புதன்கிழமை. யாரு என்னன்னு பேரே போடலியே.”

“உள்ள எட்த்துகினு போவாதம்மா. இங்கயே படிச்சிட்டு கிழிச்சிப் போட்டுடு.”

“அது நான் அனுப்பினது” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீயா? யாருக்கு?”

“எனக்கேதான். சரியா வருதான்னு பாக்க.”

தபால்காரம்மா அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “இன்னாமே, உனக்கு நீயே கருமாதி வச்சிகினியா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறந்தவருக்குச் செய்யும் காரியத்துக்கு அழைக்கும் அட்டைக்குக் கறுப்பு ஓரம் கட்டுவார்கள். அது வீட்டுக்குள் நுழையக்கூடாது. வாசலிலேயே நின்று படித்து, தேதியையும் இடத்தையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் இருபத்திரண்டு வயது வரை அப்படி ஓர் அட்டையை நான் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. அம்மா வாசலுக்குப் போவார், வெறுங்கையோடு திரும்புவார், “யாரோ தெரிஞ்சவங்க” என்பார். அவ்வளவுதான். அன்புடையீர் என்ற விளியும், நாளும் பொழுதும் இடமும், தவறாது வருமாறு கேட்கும் முடிவும்கூட அந்த அட்டைகளின் வாசகம்தான் என்று அம்மா பிறகு சொன்னார். நான் பழைய புத்தகம் என்று நினைத்து வரைந்தது அச்சு அசலாக அதுவாகவே வந்திருந்தது. உதவியாளரும் நான் சொன்னதைத்தான் பிசகாமல் செய்திருந்தது.

“ஒண்ணுதானே அனுப்பின?” என்று அம்மா கேட்டார்.

“இன்னிக்கு நாலு மணிக்கு நூத்தி எண்பத்தாறு போகும்.”

“யாருக்கு?”

“அக்காவோட ஆளுங்களுக்கு.”

“அவங்களுக்கெல்லாம் எத்தனை வயசுடி?”

“அறுபதுக்கு மேல.”

அம்மா கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். தபால்காரம்மா ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, “நானா இருந்தா ஒரு பெரியவர் கையில இத குடுக்க மாட்டேம்மா. அந்தாண்ட ஊர்ல கீறவங்களும் குடுக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். முனை வரை போனவர் திரும்பிப் பார்த்து, “நாலு மணிக்குள்ள மாத்திடு” என்று குரல் கொடுத்தார்.

மணி 12.05. அக்காவுக்குத் தொலைபேசி செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“அத வாங்கினா ஒருத்தர் வருவாங்களா, நீயே சொல்லு.”

“மாத்திடறேங்க்கா.”

“திங்கக்கிழமைக்குத் தள்ளிடாத. திங்கக்கிழமைன்னா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

மென்பொருளின் இணையப் பக்கத்தில் அட்டைகளை ஒவ்வொன்றாகத்தான் ரத்து செய்ய முடியும். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை சொடுக்க வேண்டும். நான் அங்கே போகவே இல்லை. சனிக்கிழமை உதவியாளர் அடுக்கிக் காட்டிய வினைகளில் கடைசியாக வந்தது என் நினைவில் இருந்தது. எழுதினேன்: “அச்சுக்குக் காத்திருக்கும் அட்டைகள் அனைத்தையும் ரத்து செய்ய வேண்டும்.” பதில் வந்தது: “மொத்தம் 187 அட்டைகள் உள்ளன. 186 இன்னும் அச்சுக்குச் செல்லவில்லை. ஒன்று ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது. அதை ரத்து செய்ய முடியாது. 186ஐயும் ரத்து செய்தால் மீட்க இயலாது. தொடரலாமா?”

ரத்து செய்ய முடியாத அந்த ஒன்றை அம்மா வாசலில் நான்காகக் கிழித்துக்கொண்டிருந்தார். தொடரலாம் என்று எழுதினேன். எண்கள் ஓடத் தொடங்கின. 12, 40, 95. இதயம் அதைவிட வேகமாக ஓடியது என்று எழுதினால் மிகை என்று நானே அடித்துவிடுவேன். ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது. நூற்று எண்பத்தாறில் வந்து நின்றது. மணி 12.31.

அடுத்து புதிய அட்டை. முகவரிகள் தயாராக இருந்தன. வடிவமும் வாசகமும்தான் வேண்டும். ஐந்து நாளாக இந்தப் பக்கமே வராத அம்மா, கையைக் கழுவிவிட்டு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடி அணிந்திருந்தார்.

“கோட்ட எடு. நாலு மூலையிலயும் மஞ்சள் வை. மஞ்சள் தடவின பத்திரிகைய யாரும் வெளிய வைக்க மாட்டாங்க.”

உதவியாளரிடம் சொன்னேன். மாதிரி வந்தது. அம்மா முகத்தைச் சுளித்தார்.

“இது எலுமிச்சை.”

அடுத்தது வந்தது.

“இது சாமந்தி. புடவைக்கு வேலூர்க்காரங்க எடுப்பாங்க. அதுகிட்ட சொல்லுடி, கிழங்கு மஞ்சள்னு.”

“அதுக்குத் தெரியாதும்மா.”

“எங்க கடையில நேத்து வந்து சேந்த பொண்ணுக்குத் தெரியுது. கேட்டுப் பாரு.”

கேட்டேன். அரைத்த மஞ்சளை வெள்ளைத் துணியில் தடவினால் வரும் நிறமா, விரலி மஞ்சளை உடைத்தால் உள்ளே தெரியும் நிறமா என்று அது திருப்பிக் கேட்டது. அம்மா முதன்முறையாகத் திரையை நேராகப் பார்த்தார். “பரவால்லியே. துணியில தடவினது. ஈரமா இருக்கும்போது இல்ல, காஞ்சப்புறம்” என்றார். நான் அப்படியே தட்டச்சு செய்தேன். மூன்று மஞ்சள்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. நடுவில் இருந்ததைத் தொட்டு, “இத வெட்டிக் கட்டிடு” என்றார், வாடிக்கையாளருக்குப் புடவைத் துணி வெட்டச் சொல்வதுபோல.

வாசகத்தை நான் முதலிலிருந்து எழுதினேன். அன்புடையீர் போயிற்று. ஒவ்வோர் அட்டையும் அவரவர் பெயரைச் சொல்லி, ‘அவர்களுக்கு, வணக்கம்’ என்று தொடங்கியது. இரண்டாவது வரி: ‘முகாமில் நீங்கள் கேட்டிருந்தீர்கள், பயிற்சி தொடங்குகிறது.’ யார் நடத்துகிறார், எங்கே, எத்தனை மணிக்கு என்பதைச் சிறு சிறு வாக்கியமாக எழுதினேன். அம்மா ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கப் படித்தார். ‘கலந்துகொண்டு பயன்பெறுக’ என்ற இடத்தில் நிறுத்தி, “இது ஆபீஸ் போர்டு மாதிரி கீது. ‘வாங்க, நடந்து பாக்கலாம்’னு போடேன்” என்றார். போட்டேன். நான் எழுதியவற்றில் அது ஒன்றுதான் என்னுடையதல்ல. அதுதான் நன்றாக இருந்தது.

2.50க்கு ஒரு சிக்கல். மூலையில் வைத்த மஞ்சள் அட்டையின் விளிம்பு வரை வந்து நிற்கிறது. வெட்டும்போது ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியும், நிறத்தை விளிம்புக்கு வெளியேயும் சிறிது நீட்ட வேண்டும் என்று மென்பொருள் மறுத்துவிட்டது. உதவியாளர் அதைத் தானே படித்துப் புரிந்துகொண்டு நீட்டியது. சோதனைச் சாவியில் நூற்று எண்பத்தாறு மாதிரிகள் வந்தன. முடிந்தவரை எல்லாவற்றையும் பார்ப்பது என்று முடிவு செய்து, ஒவ்வொரு பெயரையும் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். அம்மா குறிப்பேட்டைப் படிக்க, நான் திரையைப் பார்க்க. அம்மாவின் குரல் அத்தனை வேகமாக ஓடியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நூற்று எழுபதாவது பெயரில் மணி 3.38.

“மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம், அனுப்புடி.”

“இன்னும் பதினாறுதாம்மா.”

“உங்கக்கா என்னைத் திட்டுவா.”

பதினாறையும் பார்த்தேன். மெய்ச் சாவியை இட்டேன். இம்முறை இடைவெளி இல்லை. 3.49க்கு நூற்று எண்பத்தாறு அட்டைகளும் அச்சுக்கு ஏற்கப்பட்டன. அம்மா எழுந்து போய்ப் பால் காய்ச்சினார். நாங்கள் இருவரும் காபி குடித்தோம்.

அடுத்த திங்களன்று புதுப்பட்டினத்திலிருந்து முதல் அழைப்பு வந்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள். “பத்திரிகை வந்துச்சும்மா. சாமி படத்தாண்ட வச்சிகிறேன். எத்தினி மணிக்கு?” என்று ஒரு பாட்டியின் குரல். அட்டையில் மணி பெரிதாகவே இருக்கிறது என்று நான் முணுமுணுத்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

ஆனால் செவ்வாய் மாலை வரை அழைத்துச் சொன்னவர்கள் ஏழு பேர்தான். அக்கா கைபேசியை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனைக்கு ஒரு செய்தி எழுதி வைத்திருந்தாள்: வியாழக்கிழமை காலை பணியில் சேர்கிறேன். அனுப்பவில்லை. என்னிடம் காட்டி, “தப்பு எதுவும் இருக்கா பாரு” என்றாள். பிழை எதுவும் இல்லை. இல்லை என்று சொன்னேன். அதைச் சொல்வதற்கு அத்தனை கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அக்காவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது வெளுத்துவிட்டது. முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துப் பன்னிரண்டு நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டேன். அக்கா போடச் சொன்ன எண்ணிக்கை அது. ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு கணவரும் மனைவியும் வந்தார்கள். அட்டை அவருடைய சட்டைப் பையில் இருந்தது, மஞ்சள் மூலை மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு ஷேர் ஆட்டோவில் நான்கு பெண்கள். அழைத்துச் சொன்ன ஏழு பேரில் மூவர் வரவில்லை. சொல்லாதவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பாட்டி கொண்டுவந்த அட்டையில் குங்குமமும் வைத்திருந்தது. அக்கா வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து அழைத்து வந்தாள். ஆறு இருபத்திரண்டுக்குப் பன்னிரண்டாவது நாற்காலியும் நிறைந்தது. இன்னும் மூன்று பேர் கம்பிக் கதவருகே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என்னிடம் வந்து, என்னைப் பார்க்காமலேயே கைபேசியை நீட்டினாள். “அத அழிச்சிடு.” அழித்தேன். பிறகு சாலையைக் கடந்து எதிரிலிருந்த டீக்கடைக்குப் போய் நாற்காலி கேட்டேன்.

“இன்னாமா, கல்யாணமா?” என்றார் கடைக்காரர்.

“நடைப் பயிற்சி.”

“எத்தினி வோணும்?”

பின்னால் வருபவருக்கும் ஒன்று சேர்த்து, நான்கு என்றேன். இரண்டிரண்டாகச் சுமந்து, இரண்டு நடையாகக் கொண்டுபோய்ப் போட்டேன்.